காளி என்னும் நாயின் கல்

பெங்களூரில் கப்பன் பூங்காவை ஒட்டி நிற்கும் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு கல் உண்டு. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் சல்லேசுவரர் கோயிலின் முன் நாட்டப்பெற்றிருந்த கல் அது. சக ஆண்டு 872 எனத் தன் காலத்தைத் தானே கூறும். பழங்கன்னட எழுத்து, பழங்கன்னட மொழி. கல்லின் தலைப்பகுதியில் ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் பொருதும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒரு ஞாயிறன்று பிள்ளைகளுடன் அங்குச் சென்றபோது, பெரியவர்கள் எழுத்தைத் தேடினோம். பிள்ளைகள் நாயைப் பார்த்தார்கள். கல்லை முறையாகப் பார்த்தவர்கள் அவர்களே என்பது நமக்குப் பின்னரே விளங்கிற்று.

தமிழராகிய நாம் இக்கல்லை அணுகும் வழி ஒன்றே ஒன்றாக இருந்து வந்துள்ளது. அது தக்கோலத்தின் வழி. 949-ஆம் ஆண்டில், அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில், இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருஷ்ணனும் அவன் தமக்கையை மணந்த கங்க மன்னன் பூதுகனும் ஒருபுறம் நிற்க, முதற் பராந்தக சோழனின் மூத்த மைந்தன் இராசாதித்தன் மறுபுறம் நின்று பொருதான். யானைமேல் இருந்தவாறே மாண்டான். ‘ஆனைமேற்றுஞ்சின தேவர்’ என்று நம் கல்வெட்டுக்கள் அவனைச் சுட்டும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புகாத தமிழ் வீடுகள் வெளியூர்களில் மிகச் சிலவே; ஆதலின் தக்கோலம் என்னும் பெயர் நமக்குப் பாடநூலில் படித்த பெயராக இல்லாமல், வீட்டில் நேர்ந்த துக்கத்தின் பெயர்போல் இருக்கிறது. இராசாதித்தனைக் கொன்றவன் பூதுகன் என்று கூறும் கல் இஃது என்றவுடன், கொன்ற முறை யாது என்பதே நம் அறிஞர்க்கு வழக்காயிற்று. இதனைப் பதிப்பித்த பிளீட் முதலில் வஞ்சனையால் குத்தினான் எனப் பொருள் கொண்டார். பின்னர் அத்தொடர் வேறுவகையாகப் படிக்கப்பெற்று, யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொண்டு சுரிகையால் குத்தினான் என்று திருத்தம் பெற்றது. வஞ்சனையா வீரமா என்னும் இவ்வழக்கில் நம்மவர் செலவிட்ட தாள்கள் பல. குறை கூறவில்லை, இழந்தவன் வீட்டார் கேட்கவேண்டிய கேள்வியே அது. ஆயினும் அவ்வழக்கு முடிந்தவுடன் கல்லை மூடிவிடுகிறோம். கல்லோ அங்கு முடியவில்லை.

கல் நாட்டப்பட்டது இராசாதித்தனுக்காக அன்று, பூதுகனுக்காகவும் அன்று. காளி என்னும் பெயருடைய ஒரு நாய்க்காக.

செய்தி இதுதான். பூதுகனின் படையில் மணலேரன் என்பான் ஒருவன் இருந்தான். சகர குலத்தவன், வலபி நகர்க்குரியவன் என்றெல்லாம் பட்டங்கள் உடையவன். தக்கோலத்தில் சோழர் படையின் எதிரே முன்னின்று பொருதான். அவன் ஆற்றலைக் கண்டு மகிழ்ந்த கிருஷ்ணன், வேண்டுவது கேள் என்றான். மணலேரன் கேட்டது, கிருஷ்ணனிடம் இருந்த காளி என்னும் வேட்டைநாயை. பெற்றுக்கொண்டு போனான். பின்னர்க் கெளலை நாட்டைச் சேர்ந்த பெளத்தூர்க்கு மேற்றிசையில் உள்ள குன்றில் ஒரு பெரும்பன்றியின் மேல் நாயை விட்டபோது, நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று ஒருங்கே மடிந்தன. அதன்பொருட்டு ஆதகூரில் சல்லேசுவரர் முன் கல் நாட்டி, இரண்டு கண்டுகம் விதைப்பாடுடைய நிலமும் அதற்கென்று விடப்பட்டது. அக்கோயிலை ஆளும் கொரவர், கல்லை வழிபடாமல் உண்பாராயின், நாய் செய்த பாவத்தைத் தாம் கொள்வார். கல் இவ்வளவே கூறுகிறது.

இதனை நாம் இலக்கியம் எனக் கொள்ளலாமா என்பது முதற் கேள்வி. கல்வெட்டு ஆவணம், ஆவணம் இலக்கியமாகாது என்பார் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது, எதன்பின் எதை நிறுத்துவது என்னும் தேர்வு எங்கே உள்ளதோ, அங்கே இலக்கியம் தொடங்கிவிடுகிறது. நடுகல்லைப் புறத்திணையுள் வைத்துக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று துறை வகுத்த தொல்காப்பியர் நமக்கு முன்னோடி. கல் நடுதலையே கவிதைக்குரிய பொருளாகக் கண்ட மரபு, கல்லிற் பொறித்த சொல்லைக் கவிதைக்குப் புறம்பென்று தள்ளுதல் முறையன்று.

இனி, தேர்வு எங்கே உள்ளது என்று காண்போம்.

அக்காலத்துப் போர்க்குப்பின் நிகழ்வது பரிசு பங்கிடுதல். பூதுகனுக்குக் கிருஷ்ணன் அளித்தவை வனவாசி பன்னீராயிரம், பெள்வொலம் முந்நூறு, புரிகெரெ முந்நூறு, கிசுகாடு எழுபது, பாகெநாடு எழுபது. இவை அந்நாட்டுப் பிரிவுகளின் பெயர்கள். ஒரு மன்னனின் உயிர்க்கு விலையாக ஒரு நாடே கைமாறியது என்று சுருங்கச் சொல்லலாம். பூதுகன் தன் வீரன் மணலேரனுக்கு ஆதகூர்ப் பன்னிரண்டையும், பெள்வொலத்து ஊர் ஒன்றையும், குருதி படிந்த வாளைக் கழுவும் சடங்கின் கொடையாக அளித்தான். ஆகவே ஊரும் நிலமும் மணலேரனுக்குக் கிடைக்காமல் இல்லை. இதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். வறியவன் ஒருவன் அறியாமையால் நாயைக் கேட்டான் என்று கதை கட்டுதற்கு இடமில்லை. தென்னாட்டின் பேரரசன், கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன் என நம் நாட்டுக் கல்வெட்டுக்களிலேயே பெயர் பொறித்துக் கொண்டவன், வாய் திறந்து ‘கேள்’ என்ற வேளையில், பொன்னும் யானையும் மேலும் ஓர் ஊரும் கேட்டிருக்கக்கூடிய ஒருவன் நாயைக் கேட்டான்.

ஏன்? கல் காரணம் கூறவில்லை. அங்கேதான் அதன் மேன்மை.

காளி தக்கோலத்துப் போரில் ஈடுபட்டது என்று கல்லில் இல்லை. ஆகவே அதனைப் ‘போர்நாய்’ என்று நாமாகப் பட்டம் கட்டவேண்டா. ஆனால் பேரரசனின் வேட்டைநாய் ஒன்றை, அவன் கீழ்ப் பொருத சிற்றரசனின் படைவீரன் பெயர் சொல்லிக் கேட்கிறான் என்றால், அந்நாயை அவன் முன்னரே கண்டிருக்கவேண்டும் என்று கொள்வது தவறாகாது. பாசறையிற் கண்டிருக்கலாம், வேட்டைக்களத்திற் கண்டிருக்கலாம். ‘நாய் ஒன்று தருக’ என்று அவன் கேட்கவில்லை. ‘காளியைத் தருக’ என்று கேட்டான். பொதுப்பெயர்க்கும் சிறப்புப்பெயர்க்கும் இடையே உள்ள இவ்விடைவெளியில்தான் அன்பு என்பது குடியிருக்கிறது. குழந்தை பெறாதவர்கள் ‘ஒரு குழந்தை வேண்டும்’ என்பார்கள். பெற்றவர்கள் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள்.

இதற்கு மறுப்பு ஒன்று எழும். பேரரசனின் நாய் என்பது பெருமைக்குரிய பொருள். மணலேரன் கேட்டது நாயை அன்று, அரசனின் அருளுக்கு ஓர் அடையாளத்தை. கல் நாட்டியதும் அப்பெருமையை ஊரறியச் செய்தற்கே என்று கூறலாம். இம்மறுப்பை முற்றும் தள்ள நாம் ஒருப்படோம். கல்லில் மணலேரனின் பட்டங்கள் நிறைந்துள்ளன. அவன் தன்னை அடக்கிக்கொண்ட துறவி அல்லன். ஆயினும், பெருமை மட்டுமே நோக்கமாயின் கல்லின் தலையில் என்ன செதுக்கியிருப்பான்? தக்கோலத்தைச் செதுக்கியிருப்பான். சோழனின் யானையைச் செதுக்கியிருப்பான். அரசன் கையால் தான் பரிசு பெறும் காட்சியைச் செதுக்கியிருப்பான். தென்னாட்டு வரலாற்றைத் திருப்பிய ஒரு பெரும்போர் அவன் கண்முன் நடந்தது. அதில் அவனும் இருந்தான். அதனைச் சொல்லில் விட்டுவிட்டு, ஊர்ப்புறத்துக் குன்றில் நடந்த ஒரு வேட்டையை உருவில் வடித்தான். எழுதப் படிக்கத் தெரியாத உழவன் கல்லின் முன் நின்றால் அவன் காண்பது நாயும் பன்றியுமே.

நம் நாட்டிலேயே இதற்கு மூத்த உறவு ஒன்று உண்டு. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. எருமைகளைக் காத்து நின்று மடிந்த கருந்தேவக்கத்தி என்பானின் கல் அது. கோவிவன் என்னும் அவன் நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றமையை அக்கல் மறவாமல் பொறித்துள்ளது. வீரனோடு நாயின் உருவமும் கல்லில் உண்டு. தமிழக அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுப்பு இத்தகைய கற்களை நாடறியச் செய்தது. ஆதகூர்க் கல்லுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முற்பட்டது எடுத்தனூர்க் கல். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. எடுத்தனூரில் கல் மனிதனுக்கு. நாய் அவன் புகழிற் பங்கு பெறுகிறது. ஆதகூரில் கல் நாய்க்கு. மனிதன் நிற்பது நாய்க்குரியவனாக. கோவிவன் தலைவனுக்காக நின்றது. காளிக்காக நின்றவன் தலைவன்.

நம் பழைய நூல்கள் நாயைப் பற்றி இருவகையாகப் பேசும். பத்திமைப் பாடல்களில் அடியார்கள் தம்மை மிகத் தாழ்த்திக்கொள்ள நாயின் பெயரை எடுத்தாண்டனர். மாணிக்கவாசகர் அதில் முதல்வர். மற்றொரு வகைக்கு நாலடியார் சான்று. பல்லாண்டு பழகிய பாகனையே கொல்லும் யானையையும், எய்த வேல் உடம்பில் இருக்கவும் எய்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும் நாயையும் அருகருகே நிறுத்தி, நட்புக்கு இன்னார் தக்கார் என்று அந்நூல் காட்டுகிறது. அந்தச் செய்யுளைத் தக்கோலத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்கும்போது நமக்கு ஒருவகை நடுக்கமே உண்டாகிறது. சோழ இளவரசன் உயிர்விட்டது யானையின்மேல். அவனை வென்ற படையின் வீரன் கேட்டது நாயை. நாலடியார் மணலேரனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இரண்டையும் அறிந்த நாம்தான் இவ்வாறு எண்ணிக்கொள்கிறோம்.

பாரதக் கதையின் மகாபிரத்தானிக பருவத்தில் தருமனைப் பின்தொடரும் நாயை நம்மவர் அறிவர். வில்லிபுத்தூரார் தம் பாரதத்தை அதுவரை கொண்டுசெல்லாமல் சௌப்திக பருவத்தோடு நிறுத்திக்கொண்டமையால், நமக்கு அது பெரும்பாலும் கதைசொல்வார் வாய்வழி வந்தது. தம்பியரும் மனைவியும் வீழ்ந்தபின், நாயை விட்டுவிட்டுத் துறக்கம் புக மறுக்கிறான் தருமன். மிக உயர்ந்த இடம் அது. ஆனால் அடுத்த கணமே அந்நாய் அறக்கடவுளாகி விடுகிறது. நமக்கு இதில் எப்போதும் ஒரு குறை. கடவுள் வந்தார், நாய் எங்கே போயிற்று? தருமன் நேசித்தது வழிநெடுகக் கூட வந்த நாயை அன்றோ? காளிக்கு அத்தகைய உருமாற்றம் நேரவில்லை. அது நாயாகவே வந்து, நாயாகவே பன்றியைப் பற்றி, நாயாகவே மடிந்தது. வழிபாடு பெற்றபோதும் நாய் என்றே அழைக்கப்பட்டது.

ஓமரின் ‘ஒடிசி’யில் பதினேழாம் பகுதியில் வரும் ஆர்கோசு என்னும் நாயையும் இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருபதாண்டுகள் கழித்துப் பிச்சைக்காரனின் உருவில் வீடு திரும்பிய ஒடிசியசை வேறெவரும் அறியவில்லை. சாணக்குவியலின்மேல், உண்ணிகள் மொய்க்கக் கிடந்த கிழநாய் அறிந்துகொண்டது. எழுந்து வர வலுவில்லை. காதுகளைத் தாழ்த்தி வாலை அசைத்தது. தன்னை வெளிப்படுத்தக்கூடாத நிலையில் இருந்த ஒடிசியசு, பிறர் காணாமல் கண்ணீரைத் துடைத்துக்கொண்டான். நாய் இறந்தது. உலக இலக்கியத்தில் போர்வீரனும் நாயும் சந்திக்கும் இடங்களில் இதற்கு நிகர் அரிது. ஆனால் அங்கே நாய்க்குக் கல் இல்லை, நிலமும் இல்லை. வீரனுக்கு வேறு வேலை இருந்தது. ஆர்கோசு வீட்டிலிருந்து காத்திருந்த நாய்; காளி போர்க்களத்தின் பரிசாக வீட்டிற்கு வந்த நாய். போர் முடிந்து ஊர் திரும்பும் ஒருவனுடன் அங்கிருந்து வருவது எது என்னும் கேள்விக்கு ஆதகூர்க் கல் தரும் விடை, நாம் அறிந்த வேறெந்த விடையைக் காட்டிலும் மெலிந்த குரலில் உள்ளது.

குரல் என்றோம். இக்கல்வெட்டின் நடையை அருகிருந்து நோக்கவேண்டும். நம் கையறுநிலைப் பாடல்கள் துயரத்தை வாய்விட்டுப் பேசுவன. பாரியை இழந்தவர்களும் அதியமானை இழந்த ஔவையும் பேசிய பேச்சு நம் செல்வம். ஆதகூர்க் கல்லில் துயரச்சொல் ஒன்றுமில்லை. கேட்டான், பெற்றான், விட்டபோது மடிந்தன, கல் நாட்டினான், நிலம் விட்டான் என்று வினைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நிலத்தின் அளவைக் கூறுமிடத்தில் மட்டும் கல் நிதானமாகப் பேசுகிறது. எந்த ஏரியின்கீழ், எத்துணை விதைப்பாடு என்று கணக்கு வருகிறது. அக்கணக்கே அழுகை என்பது நம் துணிபு. இறந்த மகன் பெயரில் பள்ளிக்குக் கட்டடம் கட்டிக்கொடுக்கும் தந்தை, செங்கல் எத்தனை, சிமெண்டு எத்தனை என்று விவரமாகப் பேசுவதைக் கேட்டவர்கள் இதனை உணர்வர்.

மிகவும் சிந்திக்கத்தக்கது இறுதியில் வரும் சாபம். நம் கல்வெட்டுக்களில், தருமத்துக்கு அழிவு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திற் போவான் என்பது வழக்கமான வாய்பாடு. எழுதுவோர் கைப்பழக்கத்தால் எழுதிச் செல்வது. இங்கோ வாய்பாடு மாறுகிறது. வழிபாட்டை மறந்தவன் கொள்வது பசுவைக் கொன்ற பாவத்தை அன்று. நாய் செய்த பாவத்தை. நாய் செய்த பாவம் யாது? வேட்டையிற் செய்த கொலைகள் என்று ஒருவர் கூறலாம். நாயாய்ப் பிறந்ததற்குக் காரணமான பழவினை என்று மற்றொருவர் கூறலாம். இரண்டில் எதுவாயினும் ஒன்று தெளிவு: அப்பாவம் யாரேனும் ஒருவர் தலையில் இறங்கும் வரை நாயின் மேலேயே இருக்கிறது என்று கல் நாட்டியவன் எண்ணினான். நாய்க்கும் ஒரு கணக்கு உண்டு, அதற்கும் மேலே ஒருவர் கேட்பார் என்று நம்பியவன், அக்கணக்கைத் தீர்க்கச் சிவன் கோயில் வாயிலில் நாள்தோறும் பூசைக்கு வழி செய்தான். இன்னும் ஒரு படி மேலே செல்லத் துணிகிறோம். பன்றியின்மேல் நாய் தானாகப் பாயவில்லை, ஏவப்பட்டுப் பாய்ந்தது. ஏவலின்படி கொன்றவன் பாவம் யாரைச் சேரும் என்பதைத் தக்கோலத்தில் வாளைக் கழுவிக்கொண்ட ஒரு படைவீரன் நன்கு அறிவான். நாயின் பாவத்தைப் பற்றி அவன் இவ்வளவு கவலைப்பட்டதில், அவனுடைய சொந்தக் கவலையும் கலந்திருந்தது என்று நாம் படிக்கிறோம். இஃது எம் ஊகம். கல்லின் சொல் அன்று.

இக்காலத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்க்கு ஒன்று சொல்வோம். வியத்நாம் போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய நாய்களுள் பெரும்பாலானவை, தேவைக்கு மிஞ்சிய தளவாடம் என்ற கணக்கில் அங்கேயே விடப்பட்டன, பல கொல்லப்பட்டன. அவற்றோடு காவல் நின்ற வீரர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். ஓய்வுபெறும் படைநாயை அதனைப் பழக்கிய வீரனே வீட்டுக்கு அழைத்துச் செல்ல இசைவு தரும் சட்டம் அந்நாட்டில் 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது. நம் நாட்டிலும், மீரட்டில் பயிற்சி பெற்று எல்லையில் வெடிகுண்டு தேடும் நாய்கள் முதுமையுற்றபின் கொல்லப்படுவது பற்றி 2015-இல் பெரும் வாதம் எழுந்தது. அதன்பின் தத்துக் கொடுக்கும் வழி திறந்தது. அரசுடைமையாகிய நாயை அதன்மேல் அன்புடைய வீரனுக்கு விட்டுக்கொடுத்தல் என்பதே இச்சட்டங்களின் சாரம். 949-இல் கன்னரதேவன் ஒரு சொல்லில் செய்து முடித்தது அதுதான். பெங்களூரில் நம் குடும்பங்களுள் பல, 1809-இல் எழுந்த தண்டுப் பகுதிக்குப் பட்டாளத்தின் பின்னே வந்தவை. சென்னைச் சாப்பர் படையில் பணி செய்தவர் வழிவந்தோர் இன்றும் அல்சூரைச் சுற்றி வாழ்கின்றனர். அவர்களுக்கு இச்செய்தியை விரித்துரைக்கத் தேவையில்லை.

எதிரியின் கல்லை நாம் ஏன் போற்றவேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். நேர்மையான கேள்வி. இராசாதித்தனை இழந்த துயரை மறக்க நாம் சொல்லவில்லை. ஆனால் கன்னட நாட்டில் மூன்று நான்கு தலைமுறையாகச் சோறுண்டு வாழும் நாம், இக்கல்லிலே நம் இழப்பை மட்டும் படித்துவிட்டு, அவர்கள் இழப்பைப் படியாமல் திரும்புவது படிப்பாகாது. மேலும், அம்மொழி அயல்மொழியும் அன்று. நாய் என்பது அக்கல்லிலும் நாய்தான்; கல் என்பது கல்தான்; பன்றி அங்கே பந்தி; நிலம் அளந்த கண்டுகம் நம் கொங்குநாட்டில் கண்டகம். பள்ளியில் கன்னடம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இவ்வுறவு நம்மைவிட எளிதில் புலப்படுகிறது.

அன்று அருங்காட்சியகத்தை விட்டு வெளியேறிக் கப்பன் பூங்காவில் மரநிழலில் அமர்ந்து, கொண்டுவந்த புளியோதரைப் பொட்டலங்களை எடுத்தோம். ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மட்டும் பொட்டலத்தை அவிழ்க்கவில்லை. கல்லைக் கும்பிடாமல் சாப்பிட்டால் நாயின் பாவம் வந்து சேருமாமே என்றான். அது கோயிற் கொரவருக்கு இட்ட ஆணை, நமக்கு அன்று என்று பெரியவர் ஒருவர் விளக்கினார். கொரவர் இப்போது இல்லையே, கல்லும் கோயிலில் இல்லையே, பிறகு யார் கும்பிடுவார்கள் என்று அவன் கேட்டான். நம்முள் எவரும் விடை கூறவில்லை. அவன் எழுந்து அருங்காட்சியகத்தின் பக்கம் திரும்பி, கைகூப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான். அதன்பிறகே நாமும் பொட்டலங்களை அவிழ்த்தோம்.